அலாரம் கத்தினால் போதுமா? 83 லட்சம் கார்களுக்குப் பூட்டு தாமதமாக வந்த கதை

காரை வாங்கியாச்சு, ரிமோட்டை அழுத்தினால் ‘பீப்’ சத்தம் வருகிறது, சின்ன சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கார் பத்திரமாக இருக்கிறது என்று நம்ப இது போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களை வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பதின்ம வயதுப் பையன்கள் ஒரு யு.எஸ்.பி. கேபிளின் முனையை வைத்து அந்தக் கார்களை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கார்களில் பலவற்றில் அலாரம் இருந்தது. இல்லாதது வேறு ஒன்று.

அந்த ‘வேறு ஒன்று’ என்ன, விற்று முடித்த கார்களுக்கு அதை சாஃப்ட்வேர் வழியாகக் கொடுக்க முயன்றபோது என்ன ஆனது, ஆக்சஸரீஸ் கடையில் அலாரம் பொருத்த நினைப்பவர்கள் இதிலிருந்து எதைக் கவனிக்க வேண்டும்?

மில்வாக்கியில் தொடங்கியது

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 2021-ல் கார் திருட்டு திடீரென எகிறியது. அந்த ஆண்டு அங்கே 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடுபோயின. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டே பிராண்டுகள். திருடியவர்களில் பலருக்குக் காரை விற்கும் எண்ணமே இல்லை. ஓட்டுவது, வீடியோ எடுப்பது, எங்காவது மோதிவிட்டு இறங்கி ஓடுவது. அவ்வளவுதான். ‘கியா பாய்ஸ்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 2022 கோடையில் டிக்டாக்கில் இந்த உத்தி பரவியதும் நாடு முழுக்க நகரங்களில் இதே கதை.

விளையாட்டாகத் தொடங்கியது உயிரிழப்பில் போய் நின்றது. 2022 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், திருடப்பட்ட கியா கார் விபத்துக்குள்ளாகி 4 பதின்ம வயதினர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தந்த கணக்கின்படி, இந்தத் திருட்டு அலையோடு தொடர்புடைய விபத்துகள் குறைந்தது 14, இறந்தவர்கள் 8 பேர்.

இடையில் மாட்டிக்கொண்டவர்கள் கார் உரிமையாளர்கள். பெரும்பாலும் விலை குறைவு என்பதற்காக இந்த மாடல்களை வாங்கியவர்கள். 2023 தொடக்கத்தில் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரசிவ் ஆகிய பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில நகரங்களில் குறிப்பிட்ட ஹூண்டாய், கியா மாடல்களுக்குப் புதிய பாலிசி தருவதையே நிறுத்தின. கார் திருடு போகாதவருக்கும் அடி விழுந்தது.

அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு

அலாரத்தின் வேலை கூப்பாடு போடுவது. கதவு திறந்தால், பானெட் திறந்தால், கண்ணாடி உடைந்தால், யாராவது உலுக்கினால் அது சைரனை ஒலிக்கவிட்டு இண்டிகேட்டர்களை மினுக்கும். யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது இயங்குகிறது. தீபாவளி இரவில் தெருவில் பத்து கார்கள் ஒன்றாக அலறும்போது எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்று யோசித்தால் அந்த நம்பிக்கையின் மதிப்பு தெரியும்.

இம்மொபிலைசர் சத்தமே போடாது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு குட்டி சிப் இருக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி இருக்கும் காயில் ஒன்று ரேடியோ அலை வழியாக அதற்குச் சக்தி கொடுத்து, ஒரு கேள்வியும் கேட்கும். சிப் சரியான பதிலைச் சொன்னால்தான் என்ஜின் கணினி எரிபொருளையோ தீப்பொறியையோ அனுமதிக்கும். அதே வடிவத்தில் சாவி வெட்டிக்கொண்டு வந்தாலும், பூட்டை உடைத்துத் திருகினாலும் சிப் இல்லாவிட்டால் என்ஜின் ஓடாது.

அமெரிக்காவில் விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் இந்தச் சிப் இல்லை. குறிப்பாக, பட்டன் ஸ்டார்ட் இல்லாமல் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் குறைந்த விலை வகைகளில். 2015 மாடல் ஆண்டில் மற்ற நிறுவனங்களின் வகைகளில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் அடிப்படை வசதியாகவே இருந்தது. ஹூண்டாய், கியாவில் வெறும் 26 சதவீதம். காப்பீட்டுத் துறையின் ஆய்வு அமைப்பான நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது.

இதில் கசப்பான விஷயம், எல்லை தாண்டி கனடாவுக்குள் போனால் அதே பிராண்டுகளின் கார்களில் இம்மொபிலைசர் இருந்தது. காரணம், கனடா 2007 முதல் புதிய கார்களில் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டன் 1998-லேயே செய்துவிட்டது. அமெரிக்கச் சட்டம் கேட்கவில்லை, அதனால் கார்களில் வரவில்லை. ‘எங்கள் கார்கள் கூட்டாட்சி விதிகளுக்கு உட்பட்டவை’ என்று நிறுவனங்கள் சொன்னது சட்டப்படி எடுபட்டிருக்கலாம். சாவியில்லாமல் காரை இழந்து நின்றவருக்கு அது பதில் ஆகாது.

விற்ற காருக்கு மறுபடி புரோகிராம்

முதல் தீர்வு கொஞ்சம் அதிர்ச்சியளித்தது. 2022 அக்டோபரில் ஹூண்டாய் கண்ணாடி உடையும் சத்தத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாருடன் கூடிய ஓர் அலாரம் கிட்டை 170 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பொருத்தும் கூலி தனி. நிறுவனம் வைக்காமல் விட்ட பாதுகாப்புக்கு வாடிக்கையாளரே காசு கொடுக்க வேண்டுமா என்று எழுந்த கோபம் நியாயமானது.

2023 பிப்ரவரியில் இலவச சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது. 38 லட்சம் ஹூண்டாய், 45 லட்சம் கியா, மொத்தம் 83 லட்சம் கார்களுக்கு. டீலரிடம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. அதில் இரண்டு மாற்றங்கள்: 30 விநாடி ஒலித்த அலாரம் ஒரு நிமிடம் ஒலிக்கும், சாவி உள்ளே இருந்தால்தான் கார் ஸ்டார்ட் ஆகும்.

இரண்டாவதுதான் முக்கியம். முதலாவது, கத்துபவரை இன்னும் அரை நிமிடம் கத்தச் சொல்வது மட்டுமே.

ஆனால் சாவியில் சிப்பே இல்லாத காரில் சாஃப்ட்வேர் மட்டும் எப்படி இம்மொபிலைசர் ஆகும்? ஆகாது. ஹூண்டாயின் ஏற்பாடு இப்படி: ரிமோட்டை அழுத்திக் கதவைப் பூட்டினால் அலாரம் விழித்துக்கொள்ளும், கூடவே ‘இக்னிஷன் கில்’ என்ற தடையும் விழும். அதே ரிமோட்டால் திறக்கும் வரை இக்னிஷனைத் திருகினாலும் என்ஜின் ஓடாது. அதாவது, சாவிச் சிப் செய்ய வேண்டிய வேலையைக் கதவு ரிமோட்டின் தலையில் கட்டினார்கள்.

இதில் ஓட்டை இருக்கும் இடம் மனிதப் பழக்கம். காரை விட்டு இறங்கும்போது கதவின் உள்பக்கப் பட்டனை அழுத்திவிட்டுப் போகிறவர்கள், வெறும் சாவியால் பூட்டுகிறவர்கள், ரிமோட் பேட்டரி தீர்ந்து மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குத் தடை விழவே விழாது. அப்டேட் செய்தாச்சு என்ற நிம்மதி மட்டும் இருக்கும். சிப் உள்ள சாவியில் இந்தச் சிக்கல் கிடையாது. உரிமையாளர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாவியை எடுத்தாலே காவல் தொடங்கிவிடும்.

பலன் எவ்வளவு? அதே தரவு நிறுவனம் 2024-ல் கணக்கிட்டபோது, அப்டேட் பெற்ற கார்களின் திருட்டு விகிதம், பெறாதவற்றைவிட 53 சதவீதம் குறைவாக இருந்தது. பாதிக்கு மேல் குறைந்தது பெரிய விஷயம்தான். மறுபாதி ஏன் குறையவில்லை என்பதற்கு ரிமோட்டால் பூட்டாத பழக்கத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். கண்ணாடி உடைப்பும் நிற்கவில்லை. இந்தக் காரில் அப்டேட் ஏறியிருக்கிறதா இல்லையா என்பது வெளியே நிற்கும் திருடனுக்கு எப்படித் தெரியும்? உடைத்து உள்ளே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அதற்காகவே ஜன்னலில் ஒட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். சாஃப்ட்வேர் ஏற்றவே முடியாத கார்களுக்குச் சாவித் துவாரத்தைச் சுற்றி உலோகக் காப்பு. காவல் துறை மூலம் விநியோகிக்க ஆயிரக்கணக்கில் ஸ்டீயரிங் பூட்டுகள். கடைசியில் பழைய காலத்து இரும்புக் கம்பிக்கே வந்து சேர்ந்தார்கள்!

உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு சமரசம் 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பர் முதல் தயாரான ஹூண்டாய் கார்கள் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் அடிப்படை வசதியாகிவிட்டது.

சிப் இருந்தால் முடிந்ததா?

இல்லை. கனடாவே சாட்சி. ஸ்கார்பரோ, மார்க்கம் என்று தமிழர்கள் நிறைய வாழும் பகுதிகளைக் கொண்ட டொரன்டோ பெருநகரப் பகுதியில் சில ஆண்டுகளாக வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் காணாமல்போவது அன்றாடச் செய்தி. அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் திருட்டுக்காக 2023-ல் கொடுத்த தொகை 150 கோடி கனடா டாலர். அரசு 2024 பிப்ரவரியில் கார் திருட்டுக்கென்றே தேசிய மாநாடு கூட்டியது. திருடர்கள் வீட்டுக்குள் நுழைவதைத் தவிர்க்க, கார் சாவியை வாசலருகே வைத்துவிடுங்கள் என்று டொரன்டோ காவலர் ஒருவர் கூட்டத்தில் சொல்லி, ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானதும் அப்போதுதான்.

அங்கே யு.எஸ்.பி. கேபிள் வித்தை எடுபடாது. வேறு வழிகள் இருக்கின்றன. பாக்கெட்டிலேயே இருந்து வேலை செய்யும் கீலெஸ் சாவியின் சிக்னலை நீட்டித்து, சாவி காருக்குப் பக்கத்தில் இருப்பதுபோல ஏமாற்றுவது ஒன்று. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் சோதித்து, பத்திலும் வேலை செய்வதை 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

இன்னொன்று இன்னும் துணிச்சலானது. 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகன சைபர் பாதுகாப்பு நிபுணரின் டொயோட்டா ராவ்4 கார் திருடுபோனது. ஆள் தெரியாமல் கைவைத்துவிட்டார்கள். அவரும் சக நிபுணர் கென் டிண்டெலும் துருவிப் பார்த்ததில், திருடர்கள் முன்விளக்கின் ஒயர் வழியாகக் காரின் உள் தகவல் வலையமைப்புக்குள் நுழைந்தது தெரியவந்தது. இன்றைய கார்களில் கதவு, விளக்கு, என்ஜின் கணினி எல்லாம் ‘கேன் பஸ்’ என்ற பொது ஒயரில் பேசிக்கொள்ளும். அந்த உரையாடலுக்குள் ‘சாவி சரிதான்’ என்ற பொய்ச் செய்தியைச் செலுத்தும் கருவி, பார்வைக்கு சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் மாதிரியே இருந்தது. அலாரம் ஒலிக்கக் காரணமே இல்லை. காரைப் பொறுத்தவரை, சாவியோடு உரிமையாளர் வந்திருக்கிறார்.

நம்மூரில் அலாரம் பொருத்தும்போது

ஹூண்டாய்க்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கியாவுக்கு ஆந்திராவின் பெனுகொண்டாவிலும் ஆலைகள் இருப்பதால், ‘நம்ம காரும் அப்படியா?’ என்ற கேள்வி இயல்பு. அமெரிக்கச் சிக்கல் அந்தச் சந்தைக்காகத் தயாரான வகைகளைப் பற்றியது. இந்தியாவில் இப்போது விற்கும் கார்களில் பெரும்பாலும் அடிப்படை வகையிலேயே இம்மொபிலைசர் உண்டு. பழைய கார் வாங்குபவர்கள்தான் மாடல், ஆண்டு, வகையின் வசதிப் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இம்மொபிலைசர் ஏற்கெனவே இருந்தால், கடையில் பொருத்தும் அலாரம் கூடுதல் காவலாள் மட்டுமே. இல்லாவிட்டால், வெறும் சைரன் வாங்குவது பணத்துக்கு நஷ்டம்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரியான இடத்தில் அலாரம் கிட் வாங்கினால் பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, சைரன், ஷாக் சென்சார், எல்.இ.டி. விளக்கு, இரண்டு ரிமோட், ஒரு கட்டு ஒயர், பல நேரம் ஒரு ரிலே. இந்த ரிலேதான் உண்மையான சரக்கு. அதை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயரின் நடுவே இணைத்தால், அலாரம் விழித்திருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றாது. அவசரத்தில் வேலை முடிக்கும் சில கடைகளில் இதை இணைக்காமலே விட்டுவிடுவார்கள். கதவு லாக் ஆகிறது, சைரன் ஒலிக்கிறது என்று காட்டியதும் வாடிக்கையாளரும் திருப்தியாகக் கிளம்பிவிடுவார். ரிமோட்டால் பூட்டிய நிலையில் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த ஒயரை வெட்டுவது என்பதில் விளையாடக் கூடாது. ஸ்டார்ட்டரைத் தடுத்தால், ஓடும் கார் பாதிக்கப்படாது. இக்னிஷன் அல்லது எரிபொருள் பம்பின் ஒயரில் தடை வைத்தால், ஒரு ரிலே பழுது, ஒரு தளர்ந்த இணைப்பு, ஒரு தவறான ரிமோட் கட்டளை போதும். நெடுஞ்சாலையில் என்ஜின் அணைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை ஓரிரு அழுத்தலில் தீர்ந்துவிடும். திருடனுக்கு வைத்த பொறியில் குடும்பமே சிக்கிக்கொள்ளும்.

ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றுவது இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் இறங்கி, ஆறு மாதத்தில் பேட்டரி இறங்குவது, நள்ளிரவில் தானாக அலறுவது எல்லாம் பெரும்பாலும் இதன் விளைவுதான். மாடலுக்கேற்ற கப்ளர் உள்ள கிட் என்றால் வெட்டாமலே மாட்டலாம். நிலையான மின்சாரம் எடுக்கும் ஒயரில் தனி ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்பதும் அவசியம். ஒயரை வெட்டிய பிறகு மின்சாரக் கோளாறு வந்தால், கார் நிறுவனம் அந்தப் பகுதிக்கு வாரன்ட்டி தர மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.

புரோகிராமிங் என்பது பெயரளவில்தான் பெரிய விஷயம். இக்னிஷனை ஆன் செய்து, ‘வேலே’ பட்டன் எனப்படும் ஒளித்துவைத்த பொத்தானை அழுத்தினால் பெட்டி ‘கற்கும் நிலை’க்குப் போகும். அப்போது அழுத்தப்படும் ரிமோட்டை அது நினைவில் வைத்துக்கொள்ளும். எத்தனை முறை ஆன்-ஆஃப், எத்தனை அழுத்தல் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பொத்தான் இருக்கும் இடம். டேஷ்போர்டுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், சர்வீஸுக்கு விட்ட ஒருவர்கூட ஓய்வாக இன்னொரு ரிமோட்டைச் சேர்த்துக்கொள்ள முடியும். பழைய கார் வாங்குபவர்கள், நினைவில் உள்ள ரிமோட்டுகளை அழித்துவிட்டுத் தங்கள் ரிமோட்டை மட்டும் மறுபடி பதிவுசெய்யச் சொல்வது நல்லது. அப்படியே ஷாக் சென்சாரின் திருகையும் குறைத்துவிடலாம். லாரி போனாலே கத்தும் அலாரத்தை அக்கம்பக்கத்தார் மட்டுமல்ல, உரிமையாளரும் இரண்டே வாரத்தில் அணைத்துவைத்துவிடுவார்.

செல்போன் ஆப் உள்ள ‘ஸ்மார்ட்’ அலாரத்துக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2019 மார்ச்சில் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், பண்டோரா, வைப்பர் என்ற இரு பெரிய அலாரம் பிராண்டுகளின் ஆப் சேவையைச் சோதித்தது. அடுத்தவர் கணக்கின் மின்னஞ்சலையோ கடவுச்சொல்லையோ மாற்றி, அந்தக் காரைத் தன் கைக்குக் கொண்டுவர முடிந்தது. கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், கதவைத் திறக்கலாம். ஒரு பிராண்டில் ஓடும் காரின் என்ஜினையே அணைக்கும் கட்டளை கிடைத்தது, இன்னொன்றில் உள்ளே பேசுவதை மைக் வழியாகக் கேட்க முடிந்தது. பாதிக்கப்படக்கூடிய வாகனங்கள் 30 லட்சம் வரை. அதில் ஒரு நிறுவனம், ‘ஹேக் செய்யவே முடியாது’ என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. தகவல் போனதும் இரண்டுமே சில நாளில் ஓட்டையை அடைத்தன.

காப்பீட்டில் சலுகை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அதை நம்பி வாங்குமளவுக்கு இல்லை. இந்திய மோட்டார் கட்டண விதிப்படி, ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி. கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத கிட்டுக்கு அங்கீகாரச் சான்று இருக்காது. அப்போது இந்தத் தள்ளுபடியும் இல்லை.

கார் திருடுபோய் க்ளெய்ம் கேட்கும்போது, காரோடு வந்த இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். ஒரு சாவி குறைந்தாலே கேள்விகள் தொடங்கிவிடும். வெளியிலிருந்து ரிமோட் ஸ்டார்ட் வசதி சேர்க்கும் சில கிட்டுகளில், இம்மொபிலைசரை ஏமாற்ற ஒரு அசல் சாவியையே டேஷ்போர்டுக்குள் நிரந்தரமாக ஒளித்துவைப்பார்கள். ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிடும் வசதிக்காக, தொழிற்சாலை கொடுத்த பூட்டுக்கு அதன் சாவியைப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடும் வேலை இது. பொருத்துபவர் ‘ஒரு ஸ்பேர் சாவி கொடுங்க சார்’ என்று கேட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.